வனாமித் தாய் இறாலில் கண்தண்டு நீக்கம்: நாள் பார்ப்பது முதல் முட்டை எடுப்பது வரை

வனாமி என்பது பண்ணைகளில் வளர்க்கும் வெள்ளை இறால். இறாலின் கண்ணைத் தாங்கும் கண்தண்டுக்குள் எக்ஸ் உறுப்பு என்ற நரம்புச் செல் கூட்டமும், அது சுரப்பதைத் தேக்கி வைத்து ரத்தத்தில் விடும் சைனஸ் சுரப்பியும் இருக்கின்றன. அங்கிருந்து வரும் ஒரு ஹார்மோன்தான் சினைப்பையை முதிரவிடாமல் அடக்குகிறது. கண்தண்டை எடுத்தால் சினைப்பை பருக்கிறது என்பதை 1943இல் பிரெஞ்சு ஆய்வாளர் பனூஸ் ஓர் இறால் இனத்தில் காட்டினார். இன்றும் பெரும்பாலான குஞ்சு பொரிப்பகங்களில் நடப்பது அதுதான். ஒரு கண் போதும். இரண்டையும் எடுத்தால் இறால் நிலைதடுமாறும், இரை எடுக்காது, செத்துவிடும்.

தோலுரிப்பைத் தள்ளிப்போடும் ஹார்மோனும் இதே இடத்தில்தான் சுரக்கிறது. அதனால் கண்தண்டை எடுத்தால் இரண்டு தடையும் ஒன்றாக விலகும். எது முந்தும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கும் நாள்தான் தீர்மானிக்கிறது. ஓடு உரிக்கப்போகும் இறாலில் செய்தால், அது சினை பிடிக்காமல் சட்டையைக் கழற்றும். அப்போதுதான் உரித்த இறாலில் செய்தால் ரத்தம் நிற்காது, மறுநாளே சாவு விழும். இரண்டுக்கும் நடுவில், ஓடு கெட்டியாக இருக்கும் நாட்களில்தான் கைவைக்க வேண்டும்.

அந்த நாட்களைக் கண்டுபிடிக்க, தலையோட்டின் பக்கவாட்டை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் விட்டுவிடுங்கள். அழுத்தம் மட்டும் போதாது, உரிக்கப்போகும் இறாலின் ஓடும் கெட்டியாகத்தான் இருக்கும். வால் துடுப்பின் ஓரத்தை நுண்ணோக்கியில் வைத்து, மயிர்களின் அடியைக் கவனியுங்கள். உள்தோல் ஓட்டை ஒட்டியே இருந்தால் செய்யலாம். விலகி, நடுவில் தெளிவான இடைவெளி தெரிந்தால் உரிப்பு நெருங்கிவிட்டது. அதை உரிக்கவிட்டு, ஓடு இறுகிய பின் எடுங்கள்.

வந்திறங்கிய வாரத்திலேயே வெட்டக் கூடாது. 35 முதல் 45 கிராம் எடையுள்ள பெண்களை முதலில் புதுத் தண்ணீருக்கும் இரைக்கும் பழக்குங்கள். வெப்பம் 27 முதல் 28 டிகிரி, உப்பு 30 முதல் 35 பிபிடி (லிட்டருக்கு ஏறத்தாழ அத்தனை கிராம்), வெளிச்சம் மங்கலாக இருக்கட்டும்.

நீக்கும் முறைகள் மூன்று. தண்டின் அடியில் நூலால் இறுகக் கட்டினால் சில நாளில் தானே உதிரும். கண்ணைக் கீறி உள்ளிருப்பதைப் பிதுக்குவது வேகமான வேலை, ஆனால் கண் உருண்டையை மட்டும் பிதுக்கிவிட்டு நிறுத்துபவர்கள் பலர். எக்ஸ் உறுப்பு தண்டுக்குள்ளே இருப்பதால் அது தப்பிவிடும், சினையும் ஏறாது. நம்பகமானது சூட்டு இடுக்கி. இறாலை ஈரத் துணியில் பிடித்து, லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தைத் தடவி, பழுக்கக் காய்ந்த இடுக்கியால் தண்டின் நடுவைக் கவ்வுங்கள். தண்டு நிறம் மாறிச் சுருங்கும்வரை பிடித்தால் போதும், காயமும் அப்போதே மூடிக்கொள்ளும். மரப்பு மருந்தை வீண் செலவென்று நினைக்காதீர்கள். அது வலியைக் குறைக்கிறது, இறால் வாலடித்துத் துள்ளுவதும் குறையும். மிச்சமுள்ள கண்ணில் எண் போட்ட சிலிக்கான் வளையம் மாட்டினால், எந்தப் பெண் எத்தனை முறை முட்டையிட்டது என்று கணக்கு வைக்கலாம். தொட்டியில் கலக்கும் மருந்தாக ஆன்டிபயாடிக் எதையும் போடாதீர்கள்.

தடையை நீக்கினால் மட்டும் முட்டைக்குள் மஞ்சள் கரு வந்துவிடாது. அது இரையிலிருந்துதான் வர வேண்டும், பல பொரிப்பகங்கள் சறுக்குவதும் இங்கேதான். ஊசிக் கணவாய், மட்டி, பாலிகீட் என்ற கடற்புழு மூன்றையும் கலந்து, உடல் எடையில் 20 முதல் 25 சதவீதம் ஈர இரை தினமும் கொடுங்கள். 40 கிராம் பெண்கள் 100 இருந்தால் 800 கிராம் முதல் 1 கிலோ. அதை நான்கைந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள். புழு வழியாக நோய்க்கிருமி வரலாம், அதனால் கிருமியின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் பரிசோதனைக்குப் பின்தான் வாங்க வேண்டும். உறைய வைத்தால், இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரஸ் செத்துவிடும் என்பது தவறு.

வெட்டிய சில நாளில் சினை தெரியத் தொடங்கும். மாலையில் நீருக்குள் டார்ச் அடித்து முதுகைப் பாருங்கள். தலையிலிருந்து வால்வரை அடர் ஆரஞ்சுப் பட்டை தடிமனாக ஓடினால் அன்றிரவு முட்டை. வனாமியில் இணைசேர்க்கை அந்தி மயங்கும் நேரத்தில் நடக்கும். பின்கால்களின் அடியில் வெள்ளை விந்துப் பொதி ஒட்டியிருக்கும், லேசாக உரசினாலே உதிர்ந்துவிடும். வலையில் அள்ளாமல் குவளையோடு தூக்கி முட்டைத் தொட்டிக்கு மாற்றுங்கள். வரி இறாலில் (டைகர் இறால்) கதை வேறு: உரித்த உடனே, மென்மையாக இருக்கும்போது இணைசேர்ந்து விந்தைச் சேமித்துக்கொள்ளும், அடுத்த உரிப்பில் அது போய்விடும். ஆகவே அதில் இணைசேர்ந்து ஓடு இறுகிய பிறகே கண்ணை எடுக்க வேண்டும்.

சினை பாதியில் வற்றினால் இரையையும் தொட்டியருகே நடமாட்டத்தையும் முதலில் சந்தேகியுங்கள். முட்டை வந்தும் பொரியாவிட்டால் ஆண்களைப் பாருங்கள். ஐந்தாம் கால் அடியில் விந்துப் பொதி கறுத்திருந்தால் தண்ணீர் சூடு அதிகமாக இருக்கலாம்.

வெட்டாமல் முயல்பவர்கள் உடல் எடையில் கிராமுக்கு 50 மைக்ரோகிராம் செரோடோனின் ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 40 கிராம் இறாலுக்கு 2 மில்லிகிராம். சினை ஏறுகிறது, ஆனால் கண்தண்டு நீக்கிய அளவுக்கு இல்லை. ஊசியும் வேண்டாம், வெட்டும் வேண்டாம் என்றால் இரையையும் பழக்கும் காலத்தையும் கூட்டி, பெண்களின் எண்ணிக்கையை அதிகமாக வைக்க வேண்டியிருக்கும். தொட்டியில் இடம் இருந்தால் ஒரு தொகுதியை அப்படி ஓட்டி, நாப்ளி (முட்டையிலிருந்து வரும் முதல் நிலைக் குஞ்சு) எண்ணிக்கையையும் குஞ்சின் தெம்பையும் பக்கத்துத் தொட்டியோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.