விளையாட்டுக்கும் இயந்திரக் கற்றலுக்கும் ஒரே கணினி: பாகங்கள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலையில் விளையாட வேண்டும், இரவில் மாடல் (தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரல்) பயிற்சி ஓட வேண்டும், செலவு 80,000 ரூபாயிலிருந்து 1,25,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். பொறியியல் மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் சென்னை ரிச்சி தெருவுக்கு இந்தக் கணக்கோடுதான் போகிறார்கள். அங்கே கைக்கு வரும் கொட்டேஷன் பெரும்பாலும் விளையாட்டை மனத்தில் வைத்துப் போடப்பட்டதாக இருக்கும். விளையாட்டுக்கு அதில் குறை சொல்ல முடியாது. இயந்திரக் கற்றல் என்று வரும்போதுதான் இடிக்கும்.

விளையாட்டில் கார்டு சற்று மெதுவாக இருந்தால் காட்சித் தரத்தைக் குறைத்துக்கொண்டு ஆடலாம். பயிற்சியிலும் வேகம் குறைந்தால் இரண்டு மணி நேரத்துக்குப் பதிலாக மூன்று மணி நேரம் காத்திருந்தால் போதும். ஆனால் மாடல் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்குள் அடங்கவில்லை என்றால் எவ்வளவு காத்திருந்தும் பயன் இல்லை. பேட்ச் அளவை, அதாவது ஒரே தடவையில் கொடுக்கும் தரவின் அளவை, குறைப்பது போன்ற வழிகள் ஓர் எல்லை வரைதான் கைகொடுக்கும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் கீழே சொல்லும் தவறுகளில் பாதி நடக்கின்றன.

ஃப்ரேம் எண்ணிக்கையைப் பார்த்து கிராபிக்ஸ் கார்டு வாங்குவது

விமர்சன வீடியோக்களில் வரும் வரைபடங்கள் விளையாட்டில் வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் (திரைக்காட்சி) என்பதைத்தான் காட்டுகின்றன. அந்த வரைபடத்தில் 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060, 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-ஐ முந்தி நிற்கும். ஆனால் 4060-இல் இருப்பது 8 ஜிபி நினைவகம். பழைய 3060-இல் 12 ஜிபி. நினைவகத்திலிருந்து வினாடிக்குப் படிக்கக்கூடிய அளவும் பழையதில்தான் அதிகம்: அதில் 360 ஜிபி, புதியதில் ஏறத்தாழ 272 ஜிபி. 10 ஜிபி கேட்கும் ஒரு பயிற்சி வேலை பழைய கார்டில் மெதுவாகவேனும் நடந்து முடியும். புதிய கார்டில் நினைவகம் போதவில்லை என்ற பிழைச் செய்தியோடு நின்றுவிடும். விண்டோஸில் டிரைவர் மிச்சத்தைக் கணினியின் ராமுக்குத் தள்ளிவிட்டுத் தொடரவும் கூடும். அப்போது பிழை எதுவும் தெரியாது. நிமிடத்தில் முடிய வேண்டியது மணிக்கணக்கில் இழுக்கும். இரண்டாவது நிலைதான் மோசமானது, ஏனெனில் கோளாறு எங்கே என்று புரியாமல் நாள்கள் போய்விடும்.

ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்கப்படுவது இன்னொரு பொறி. ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ என்ற பெயரில் 8 ஜிபியும் உண்டு, 16 ஜிபியும் உண்டு. 2025-ல் வந்த 5060 டிஐ-யும் அப்படியே. 3060-இலும் 12 ஜிபி கார்டு வந்த பிறகு 8 ஜிபி வகை ஒன்று விற்பனைக்கு வந்தது. அதில் படிக்கும் வேகமும் வினாடிக்கு 240 ஜிபியாகக் குறைக்கப்பட்டிருந்தது. வாங்குபவரைக் குழப்பும் இந்த வழக்கத்தை எந்த நிறுவனமும் செய்திருக்கக் கூடாது. ஆகவே கொட்டேஷனில் "5060 டிஐ" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எத்தனை ஜிபி என்பதையும் முழு மாடல் எண்ணையும் எழுதிக் கேளுங்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன் அதன் மேல் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். ஒரு மொழி மாடலில் 700 கோடி அளவுருக்கள் (மாடல் கற்றுவைத்திருக்கும் எண்கள்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். 16 பிட் துல்லியத்தில் ஒவ்வோர் அளவுருவுக்கும் 2 பைட், ஆக 14 ஜிபி. 4 பிட்டாகச் சுருக்கினால் 3.5 ஜிபி, உரையாடல் நீள நீள அதற்கு மேல் கொஞ்சம். எனவே பதில் வாங்குவது மட்டும்தான் நோக்கம் என்றால் 8 ஜிபி கார்டிலேயே சுருக்கிய மாடலை ஓட்டலாம். பயிற்சி என்பது வேறு கணக்கு. ஆடம் என்ற பரவலான பயிற்சி முறையில், 16 பிட்டும் 32 பிட்டும் கலந்த வழக்கமான கலப்புத் துல்லியப் பயிற்சிக்கு எடைகள் (அளவுருக்கள்), அவற்றை எந்தப் பக்கம் திருத்துவது என்று காட்டும் சரிவுகள், அவற்றின் சராசரிகள் எல்லாம் சேர்த்து ஓர் அளவுருவுக்கு ஏறத்தாழ 16 பைட் வேண்டும். அதே மாடலுக்கு 112 ஜிபி! இந்த விலையில் எந்தக் கார்டும் அதைத் தாங்காது. ஆகவே வீட்டுக் கணினியில் நடப்பதெல்லாம் கியூலோரா போன்ற முறைகள்தான்: அடிப்படை மாடலை 4 பிட்டில் உறைய வைத்துவிட்டு, அதன் மேல் சிறிய இணைப்பு அடுக்குகளை மட்டும் பயிற்றுவிப்பது. அதற்கு 12 ஜிபி நெருக்கடியாக இருக்கும், 16 ஜிபி வசதியாக இருக்கும். படங்களை வகைப்படுத்தும் ரெஸ்நெட்-50 போன்ற சிறிய மாடல்களோடு பழகுபவருக்கு 8 ஜிபியே தாராளம். நீங்கள் எந்த வகை என்பது தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

தெரிந்துகொள்ளச் செலவும் இல்லை. கேகிள் என்ற இணையதளத்தில் 16 ஜிபி நினைவகம் உள்ள கார்டுகளை வாரத்துக்கு ஏறத்தாழ 30 மணி நேரம் இலவசமாகப் பயன்படுத்த விடுகிறார்கள். நீங்கள் செய்யப்போகும் வேலையை முதலில் அங்கே ஓட்டிப் பாருங்கள். உச்சத்தில் எவ்வளவு நினைவகம் செலவானது என்பதைப் பயிற்சிக்குப் பயன்படும் பைடார்ச் நூலகமே சொல்லிவிடும். அந்த எண்ணோடு 2 ஜிபி கூட்டிக்கொண்டு கார்டைத் தேடுங்கள். விலை இருக்கும் இருப்பில், கணினியே வேண்டாம், இலவசச் சேவையே போதும் என்ற முடிவுக்குச் சிலர் வரலாம். அதுவும் நல்ல முடிவுதான்.

ஏஎம்டி கார்டுகளைப் பற்றிக் கட்டாயம் கேள்வி வரும். கொடுக்கும் பணத்துக்கு நினைவகம் அதிகம், விளையாட்டுக்கும் அருமையானவை. ஆனால் கார்டில் கணக்குகளை ஓட்ட உதவும் என்விடியாவின் 'கூடா' மென்பொருள் தளம் 2007-லிருந்து இருக்கிறது. கற்றல் நூலகங்களும் பாடங்களும் எடுத்துக்காட்டு நிரல்களும் அதை நம்பியே எழுதப்பட்டன. அதற்கு இணையான ஏஎம்டியின் ராக்எம் தளம் நன்றாக வளர்ந்திருந்தாலும் எல்லாக் கார்டுகளுக்கும் அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது. லினக்ஸில் நல்ல பழக்கம் உள்ளவர், தாம் வாங்கும் கார்டு ஆதரவுப் பட்டியலில் இருப்பதைப் பார்த்துவிட்டு ஏஎம்டி வாங்கலாம். இப்போதுதான் கற்கத் தொடங்குபவருக்கு நான் என்விடியாவைத்தான் சொல்வேன். மாடலோடு மல்லுக்கட்ட வேண்டிய நேரத்தில் டிரைவரோடு மல்லுக்கட்டக் கூடாது. என்விடியா வாங்கினாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: டென்சர்ஃப்ளோ என்ற கற்றல் நூலகம் 2.10 பதிப்போடு விண்டோஸில் நேரடி ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வழியாகவோ உபுண்டு லினக்ஸிலோதான் அதன் பிறகு வந்த பதிப்புகளை ஜிபியுவில் ஓட்ட முடியும்.

பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் பணத்தைத் தவறாகப் பிரிப்பது

16 கோர் பிராசசரும் 8 ஜிபி கார்டும் சேர்ந்த கொட்டேஷன்கள் நிறைய வருகின்றன. திருப்பிப் போடுங்கள். ரைசன் 5 7600 போன்ற ஆறு கோர் பிராசசர் விளையாட்டுக்கும் போதும், கார்டுக்குத் தரவைத் தயாரித்துக் கொடுக்கவும் போதும். பெயரில் 'எக்ஸ்3டி' என்று முடியும் பிராசசர்கள் விளையாட்டில் அசத்தும். பயிற்சி கார்டில் நடப்பதால் அவற்றில் இருக்கும் கூடுதல் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) அங்கே பெரிதாக உதவாது.

இதற்கு மாறாக, கொஞ்சம் பணம் மிச்சம் பிடிப்பதற்காக உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாத 'எஃப்' வகை பிராசசரை எடுப்பது இந்தக் கணினிக்கு ஏற்றதல்ல. மானிட்டரை மதர்போர்டின் போர்ட்டில் செருகிவிட்டால் டெஸ்க்டாப்பும் பிரவுசரும் உள்ளமைந்த கிராபிக்ஸில் ஓடும். கார்டின் நினைவகம் கிட்டத்தட்ட முழுவதும் மாடலுக்குக் கிடைக்கும். 12 ஜிபி கார்டு வைத்திருப்பவருக்கு, வேலை ஓடுமா ஓடாதா என்பதை இப்படி மிச்சமாகும் சில நூறு எம்பியே சில நாள்களில் தீர்மானிக்கும். விளையாடும்போது கேபிளைக் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மதர்போர்டில் பார்க்க வேண்டியது ஒளிரும் விளக்குகளை அல்ல, ஸ்லாட்டை. ஆர்டிஎக்ஸ் 4060, 4060 டிஐ, 5060 டிஐ ஆகிய மூன்றுமே, கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட்டின் 16 தடங்களில் (தரவு போகும் பாதைகளில்) எட்டை மட்டுமே பயன்படுத்துபவை. நான்காம் தலைமுறை போர்டில் அதனால் குறிப்பிடும்படி இழப்பு இல்லை. ஆனால் பி450, ஏ520 போன்ற போர்டுகள் மூன்றாம் தலைமுறையோடு நிற்பவை. அங்கே எட்டுத் தடம் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 8 ஜிபிதான். கார்டின் நினைவகம் நிரம்பி ராமுக்கு வழிந்தால், வினாடிக்கு நூற்றுக்கணக்கான ஜிபி படித்துக்கொண்டிருந்த வேலை அந்த ஒடுங்கிய வழியில்தான் போய்வர வேண்டும். பழைய கணினியை மேம்படுத்துபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 'பின்னால் இன்னொரு கார்டு சேர்த்துக்கொள்ளலாம்' என்று இரண்டு நீள ஸ்லாட் உள்ள போர்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதும் வீண். இந்த விலைப் போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டுக்குப் பெரும்பாலும் நான்கு தடங்கள் அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கும். இரண்டு கார்டுகளின் நினைவகமும் தாமாகக் கூடி ஒன்றாகிவிடுவதும் இல்லை. அதற்கேற்ப நிரலை எழுத வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்: எல்லோரும் கடைசியாகப் பார்ப்பது

கேபினட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ்ஸை (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியை) ஏற்றுக்கொள்ளவே கூடாது. விளையாட்டில் சுமை ஏறி இறங்கும். பயிற்சியில் கார்டு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று முழுச் சுமையில் நிற்கும். மேலே 450 வாட் என்று அச்சிட்டிருக்கும் மலிவான எஸ்எம்பிஎஸ் அந்த அளவைத் தொடர்ந்து கொடுக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

'80 பிளஸ்' முத்திரையை வைத்துத் தரத்தை முடிவு செய்வதும் தவறு. அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. மின்னழுத்தம் நிலையாக இருக்கிறதா, பாதுகாப்புச் சுற்றுகள் வேலை செய்கின்றனவா என்பதைச் சொல்வதில்லை. அந்தச் சோதனையும் ஏறத்தாழ 23 டிகிரி வெப்பநிலையில் நடப்பது. மே மாதத்தில் சென்னையிலோ வேலூரிலோ மூடிய கேபினட்டுக்குள் இருக்கும் சூட்டுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. சுயேச்சையாகப் பிரித்துச் சோதித்து எழுதப்பட்ட விமர்சனங்களைப் பாருங்கள். ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ வாரண்டி உள்ளதை எடுங்கள். 180 வாட் கார்டும் 65 வாட் வகை பிராசசரும் உள்ள கணினிக்கு நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ் நிம்மதியாகப் போதும். கார்டுகள் நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்துக்குத் திடீரென்று கூடுதல் மின்சாரத்தை இழுப்பது உண்டு. அதைத் தாங்கும்படி வகுக்கப்பட்டது 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம். புதிதாக வாங்குபவர் அதற்குக் குறைந்து வாங்க வேண்டியதில்லை. இன்னொன்று: கழற்றி மாட்டும் கேபிள்கள் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்குப் பொருந்துவதுபோல் தெரிந்தாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கலாம். பழைய கேபிளைப் புதியதில் செருகி ஹார்ட் டிஸ்க்கை எரித்தவர்கள் உண்டு.

நம் ஊரில் மின்வெட்டையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்தான் தரும். மேலே சொன்ன கணினி மானிட்டரோடு சேர்ந்து அதன் விளிம்பில் நிற்கும். 1000 விஏ அல்லது அதற்கு மேல் பாருங்கள். மலிவான யுபிஎஸ்கள் பேட்டரிக்கு மாறும்போது தருவது சதுர வடிவத்துக்கு நெருங்கிய அலை. சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் அதை ஏற்காமல் அணைந்துவிடும். பணம் இடம் கொடுத்தால் சைன் அலை தரும் யுபிஎஸ் வாங்குவது நல்லது. பழைய வீடாக இருந்தால் பிளக் பாயிண்டில் எர்த் இணைப்பு உண்மையில் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். எதுவாயினும், பயிற்சி நிரலில் அரை மணிக்கு ஒரு முறை செக்பாயிண்ட் (அதுவரை நடந்த பயிற்சியின் நகல்) சேமிக்கும் வரியை எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள்.

ராமும் எஸ்எஸ்டியும்

ஒரே ராம் குச்சி வாங்காதீர்கள். 32 ஜிபி வேண்டும் என்றால் 16 ஜிபி இரண்டு. அப்போதுதான் ராமுக்கும் பிராசசருக்கும் இடையே உள்ள இரண்டு சேனலும் வேலை செய்யும். இப்போது 16 ஜிபி இரண்டு, பிறகு இன்னும் இரண்டு என்ற திட்டம் டிடிஆர்5-ல் சரிவராது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகமே இரண்டு குச்சிகளுக்கு 5200, நான்கு குச்சிகளுக்கு 3600. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு தரவு மையங்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியதிலிருந்து இது இன்னும் யோசித்துச் செய்ய வேண்டிய செலவாகிவிட்டது. கார்டின் நினைவகத்தைப்போல் இரு மடங்கு ராம் என்பது நல்ல அளவு. வாங்கியபின் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ராமை அதன் முழு வேகத்தில் ஓடச் செய்யும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பை இயக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் காசு கொடுத்த வேகம் கிடைக்காது.

எஸ்எஸ்டியில் 1 டிபி, நான்காம் தலைமுறை என்விஎம்இ போதும். ஐந்தாம் தலைமுறைக்குப் பணம் கொடுக்க இந்த விலையில் காரணம் இல்லை. லட்சக்கணக்கான சிறு படங்கள் கொண்ட டேட்டாசெட்டை மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் வைத்துப் பயிற்சி ஓட்டாதீர்கள். கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கும்.

சூடு

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருக்கும் கேபினட் அழகுதான். காற்று எங்கிருந்து வரும்? வலை முகப்புள்ள கேபினட், முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று, தூசி வடிகட்டி. இவ்வளவு போதும். நீண்ட பயிற்சிக்குக் கார்டின் மின்வரம்பை 75 அல்லது 80 சதவீதத்துக்குக் குறைத்து வையுங்கள். என்விடியாவின் கட்டளைக் கருவியில் ஒரே வரியில் செய்யலாம். வேகம் சிறிதளவே குறையும். சூடும் சத்தமும் மின்கட்டணமும் நன்றாகவே குறையும்.

பில்லும் முதல் வாரமும்

ஜிஎஸ்டி பில் இல்லாமல் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாரண்டி கேட்கும் நாளில் அந்தத் தாள்தான் பேசும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் வாங்கிவரும் கார்டுக்கு இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்பதை அந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். 24 ஜிபி நினைவகத்துக்காகப் பழைய ஆர்டிஎக்ஸ் 3090-ஐத் தேடுபவர்கள், அது 350 வாட் கார்டு என்பதையும், 2022 செப்டம்பர் வரை ஈதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங்கில் இரவும் பகலும் ஓடியதாக இருக்கலாம் என்பதையும், அதன் நினைவகச் சில்லுகள் பலகையின் பின்புறத்திலும் இருப்பதால் சூடு அங்கே தேங்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். விற்பவர் முன்னால் அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்க விடாவிட்டால் வாங்காதீர்கள்.

கணினி வீட்டுக்கு வந்ததும் விளையாட்டை நிறுவுவதற்கு முன் ஓர் இரவு முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும். மறுநாள் ஓர் உண்மையான பயிற்சி வேலையை ஐந்தாறு மணி நேரம் ஓட்டி, கார்டின் வெப்பநிலையையும் மின்செலவையும் குறித்து வையுங்கள். பாகம் பழுதாக வந்திருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டு நாளிலேயே தெரிந்துவிடும். கடைக்காரர் நேரடியாக மாற்றிக் கொடுக்கும் காலம் சில நாள்கள்தான். அது கடந்துவிட்டால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். அதனால் அதுவரை பெட்டிகளையும் உள்ளே இருந்த தக்கைகளையும் தூக்கிப் போடாதீர்கள்.