கால் அடிபட்ட நாயும் வழுக்கும் தரையும்

துள்ளித் திரியும் நாய்க்குக் காலில் அடிபட்டால், கால்நடை மருத்துவரிடம் காட்டியதும் வீட்டுத் தரையைக் கவனியுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் பட்டாலை, வளவு எனும் உட்பகுதிகளில் பதித்த ஆத்தங்குடிக் கல் என்னும் தரை ஓடு மழமழவென்று இருக்கும். மூன்று காலில் நொண்டும் நாய் அதில் சறுக்கினால், அடிபட்ட கால்தான் மறுபடியும் முறுக்கிக்கொள்ளும். அது நடக்கும் வழியெங்கும் ரப்பர் அடிப்பாகம் உள்ள தரைவிரிப்புகளைப் போடுங்கள். கோரைப்பாய் வேண்டாம், அதுவே தரையோடு வழுக்கும். பாதத்தடியில் வளர்ந்திருக்கும் முடியையும் கத்தரித்துவிட்டால் பிடிப்பு கிடைக்கும்.

உயரமான திண்ணையில் ஏறவோ அங்கிருந்து குதிக்கவோ விடவே கூடாது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற வேட்டை இனங்களுக்குச் சும்மா கிடப்பதுதான் பெரிய தண்டனை, பாவம்! பழைய துண்டைச் சுருட்டி அதற்குள் உணவை ஒளித்து வையுங்கள். மோந்து தேடுவதிலேயே அதன் வேகம் தணியும். ஓட்டம் இல்லாத நாட்களில் எடை கூடினால் காலுக்குச் சுமை, அதனால் உணவைச் சற்றுக் குறையுங்கள்.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற நம் மாத்திரைகளைத் தராதீர்கள். அவை நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நொண்டல் நின்றாலும், மருத்துவர் சொல்லும்வரை வெளியே குட்டையான கயிற்றில் பிடித்தே நடத்துங்கள்.