மழைக்கு முன் வெளிச்சுவரைத் தட்டிப் பாருங்கள்

சென்னையில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அடுக்குமாடியின் வெளிச்சுவரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கைக்கெட்டும் இடங்களில் மரக்கட்டையால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் கேட்டால், பூச்சு சுவரை விட்டு விலகிவிட்டது என்று அர்த்தம். சன்ஷேடின் அடியில் துருக்கறை தெரிந்தால் தள்ளிப்போடவே கூடாது. துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கீழே குழந்தைகள் விளையாடுவார்கள் என்றால் முதலில் கயிறு கட்டி மறித்துவிடுங்கள். அப்புறம் கொத்தனாரை அழைத்து, தளர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசிய பிறகே புதிதாகப் பூசச் சொல்லுங்கள். கறை மீது வெறும் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். குழாய் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால், சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள்.