குமுளியில் ஏலக்காய் வாங்கப் போகிறீர்களா?

போடியில் ஏலக்காய்க் கிடங்கில் காய் பிரிப்பது என் வேலை. தேக்கடி போய்விட்டு வரும் சொந்தக்காரர்கள் பாக்கெட்டை என் மடியில் போட்டு, "நல்ல காயா பாரு மதினி" என்பார்கள். வாங்கிய பிறகு பார்த்து என்ன செய்ய? கடையிலேயே பாருங்கள்.

முதலில் நிறம். வெயில் படாமல் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் அறையில், சூடு காட்டி உலர்த்தினால்தான் பச்சை நிற்கும். அப்படி உலர்த்தியும் எல்லாக் காயும் ஒரே பச்சையாக வராது. ஒன்று வெளிறியிருக்கும், ஒன்று மஞ்சள் தட்டியிருக்கும். மொத்தமும் கிளிப்பச்சையாக மின்னினால் சந்தேகப்படுங்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து நாலைந்து காயை அழுத்தித் தேயுங்கள். துணியில் பச்சை ஒட்டினால் சாயம். கடைக்காரர் "நல்ல காயாணு சேச்சி" என்று ஆயிரம் சொல்லட்டும், வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அப்புறம் ஒரு காயை உரியுங்கள். உள்ளே இருக்கும் அரிசி, அதாவது விதை, கறுப்பாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் முற்றின காய். வெளிறிக் கிடந்தால் பிஞ்சு. மென்றும் காரமோ மணமோ இல்லையென்றால் பழசு, இல்லை எண்ணெய் எடுத்த சக்கை.

எட்டு மில்லி, எட்டு மில்லி (மில்லிமீட்டர்) என்று பெரிய காயைக் காட்டி விலை ஏற்றுவார்கள். ஏலம் விடும் இடத்தில் அதற்கு மவுசு உண்டு, சரி. பாயசத்தில் இடித்துப் போடுவதற்கு எதற்கு? அரிசி நிறைந்த சின்னக் காயே போதும்.

ஈரத்தையும் கவனியுங்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். அதனால் கொஞ்சம் ஈரத்தோடு விற்றாலே லாபம். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலக்க வேண்டும். தராசில் வெறும் டப்பாவை வைத்துப் பூஜ்யம் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் காயைப் போடச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு (நறுமணப் பொருள் வாரியம்) இணையதளத்தில், போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் காயை ஏலம் விடும் சராசரி விலையைப் பாருங்கள். ஏலத்திலேயே அந்த விலை என்றால், சில்லறையில் அதைவிட மலிவாகத் தருகிறவர் எதை விற்கிறார் என்று யோசியுங்கள். உரித்த ஏல அரிசியை மட்டும் பாக்கெட்டில் வாங்கவே வாங்காதீர்கள். தோல் போன பிறகு எந்தக் காயின் அரிசி என்று எங்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.