நம்ம ஸ்டேஷன் எப்படி வேலை செய்கிறது: ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதும் வழி

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வயல் பம்புசெட்டில் இருந்து ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செம்பு ஒயர், எடைக்குப் போட்டால் காசு. ஸ்டேஷனுக்கு மூன்று தடவை நடந்தேன். 'ரைட்டர் இல்லை, எஸ்.ஐ. பந்தோபஸ்து போயிருக்கார், நாளைக்கு வாங்க' என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில், கையில் ஒரு துண்டுச்சீட்டு கூடக் கிடைக்கவில்லை. அதே மாதம் பக்கத்துத் தெரு அண்ணாச்சி ஒருவருக்கு பைக் காணாமல் போனது. அவர் சாயங்காலம் போனார், நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள், ராத்திரிக்குள் எஃப்.ஐ.ஆர். நகலோடு வீட்டுக்கு வந்துவிட்டார். டீக்கடையில் நாங்கள் இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டால் இரண்டு வேறு ஸ்டேஷனைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் நான் சொல்வதும் உண்மை, அவர் சொல்வதும் உண்மை.

அந்த இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவருவது எப்படி என்றுதான் எழுதுகிறேன். ஆறு பேர் சேர்ந்து எங்கள் ஊரில் செய்து பார்த்தோம், முதல் சுற்றில் நிறையத் தப்பு செய்தோம், திருத்திக்கொண்டு மறுபடி போனோம். காமன் காஸ் என்கிற தொண்டு அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனத்தின் லோக்நிதி பிரிவும் 2018 முதல் இந்தியக் காவல்துறையின் நிலை பற்றிக் கருத்துக்கணிப்பு நடத்தி அறிக்கை போடுகிறார்கள், நல்ல வேலைதான், ஆனால் அது மாநிலத்தைப் பற்றிப் பேசும். உங்கள் தெருவுக்கும் உங்கள் ஸ்டேஷனுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை நீங்களேதான் கேட்டு எழுத வேண்டும்.

முதலில் எந்த ஸ்டேஷன் என்று முடிவு செய்யுங்கள். சின்ன விஷயம் மாதிரி தெரியும், இதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். எங்கள் திருநெல்வேலியில் மேலப்பாளையம், பெருமாள்புரம், தச்சநல்லூர் எல்லாம் மாநகரக் கமிஷனர் கீழே வருகிறது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் மாவட்ட எஸ்.பி. கீழே. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது, அதற்குத் தனி எஸ்.பி. ஒருவர் மகளிர் ஸ்டேஷனில் பட்டதையும் டிராபிக் போலீஸிடம் பட்டதையும் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனில் பட்டதையும் ஒரே கணக்கில் போட்டால் எந்த இன்ஸ்பெக்டரும் 'இது எங்க ஸ்டேஷன் இல்லை' என்று சுலபமாகத் தள்ளிவிடுவார். அதனால் ஒரு ஸ்டேஷன், கடந்த ஒரு வருஷம், அவ்வளவுதான்.

அப்புறம் கேள்வி. நாங்கள் முதல் சுற்றில் 'போலீஸ் எப்படி வேலை செய்யுது?' என்று கேட்டோம். 'என்னத்தச் சொல்ல' என்றார்கள், 'அதெல்லாம் நல்லாத்தான் செய்யுதாவ' என்றார்கள், ஒரு ஆச்சி 'நீ எந்தக் கட்சி?' என்று திருப்பிக் கேட்டார். அந்தத் தாள்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அபிப்பிராயம் கேட்டால் ஜாக்கிரதையான பதில்தான் வரும், நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும். ஆகவே முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: 'போன பங்குனியில் இருந்து இந்தப் பங்குனி வரைக்கும் நீங்களோ வீட்டில் யாருமோ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டி வந்ததா, இல்லை போலீஸ் உங்களைத் தேடி வந்ததா?' இதற்கு மூன்று விதமான பதில் வரும். போனோம், போகவில்லை, போக வேண்டியிருந்தது ஆனால் போகவில்லை. மூன்றாவது பதில் சொல்கிறவர்களைக் கடைசி வரைக்கும் விட்டுவிடாதீர்கள், அவர்களைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

போனவர்களிடம் வரிசையாகக் கேளுங்கள். எவ்வளவு நேரம் நின்றீர்கள், உட்காரச் சொன்னார்களா, மனுவை நீங்கள் எழுதினீர்களா அவர்கள் எழுதினார்களா, எழுதியதை வாசித்துக் காட்டினார்களா, மனுவைப் பதிவு செய்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது நம்பரோடு தந்தார்களா, எஃப்.ஐ.ஆர். போட்டார்களா, நகல் தந்தார்களா, 'பேசி முடிச்சுக்கோங்க' என்று யாராவது சொன்னார்களா, அதற்கப்புறம் கேஸ் என்ன ஆச்சு என்று அவர்களாக ஒரு தடவையாவது போன் செய்தார்களா. இதைக் கேட்கிறவருக்குச் சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஊரில் பலருக்குத் தங்களுக்கு என்னென்ன கிடைக்க வேண்டும் என்பதே தெரியாது. 'நல்லாப் பேசினாங்க' என்று சந்தோஷமாகச் சொல்வார், ரசீது கேட்டால் 'அது எதுக்கு?' என்பார். வாரண்டு இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், மின்னஞ்சல் மாதிரி மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதுவும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். கேள்வி கேட்டு முடித்த பிறகு இந்த நாலு வரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கேட்பதற்கு முன்னால் கொடுக்காதீர்கள், பதில் மாறிவிடும்.

பணம் பற்றிய கேள்வியை எப்படிக் கேட்பது என்று நாங்கள் ரொம்ப யோசித்தோம். 'லஞ்சம் கொடுத்தீர்களா?' என்றால் எல்லாருமே இல்லை என்றார்கள். லஞ்சம் என்கிற சொல்லே கொடுத்தவரையும் குற்றவாளியாக்குகிற சொல். 'அன்றைக்கு ஸ்டேஷனில் செலவு ஏதாவது ஆச்சா?' என்று மாற்றிக் கேட்டதும்தான் பேச ஆரம்பித்தார்கள். பேப்பர் கட்டு வாங்கிக் கொடுத்தது, ஜெராக்ஸ், வண்டிக்கு டீசல், 'டீ செலவுக்கு' என்று இருநூறு. அதைக் கொடுத்தவர் சாதாரணமாகத்தான் சொல்கிறார், அதுதான் மனசைப் பிசைகிறது.

இப்போது அந்த மூன்றாவது கூட்டம். போக வேண்டியிருந்தது, போகவில்லை. ஏன் என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள், பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். 'ஸ்டேஷன் படி ஏறின குடும்பம்னு பேரு வந்துரும், பொம்பளப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்லா' என்பார்கள். 'ஒரு நாள் கூலி போகும்' என்பார்கள். 'ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சிட்டாங்க' என்பார்கள், அந்தப் பேச்சில் யார் பக்கம் முடிந்தது என்பதையும் கேளுங்கள். 'எங்க ஆளு அங்க யாரும் இல்லை' என்பார்கள். இவர்கள் பேர் ஸ்டேஷனின் எந்த ரெஜிஸ்டரிலும் இருக்காது. புகார் குறைந்துவிட்டது என்று மீட்டிங்கில் பெருமையாகச் சொல்கிறபோது அந்தக் குறைவுக்குள் இவர்களும் இருக்கிறார்கள், இவர்களை எண்ணுவதற்கு உங்கள் தாளை விட்டால் வேறு தாள் இல்லை.

யாரிடம் கேட்பது? திருநெல்வேலிச் சீமையில் தெரு என்றால் பெரும்பாலும் சாதி, இதை மறைத்துப் பேசி யாருக்கும் லாபமில்லை. ஊரில் உள்ள எல்லாத் தெருவையும் எழுதுங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு என்று எண்ணுங்கள், அப்புறம் ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று போங்கள். தெரிந்த வீட்டுக்கு மட்டும் போனால் உங்கள் சொந்த அபிப்பிராயத்தையே நூறு தாளில் எழுதிக்கொண்டு வருவீர்கள். மெயின் தெருவில் போலீஸ் பாதுகாப்பு என்கிறார்கள், காலனியில் அதே போலீஸை விசாரணை என்று பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் என்கிறார்கள். ஆக, எண்ணும்போதும் தெருவாரியாகவே எண்ணுங்கள், மொத்தத்தையும் கூட்டிச் சராசரி போட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். சாயங்காலம் டீக்கடை, கோயில் வாசல் என்று போனால் ஆண்கள்தான் கிடைப்பார்கள். காலை பதினோரு மணிவாக்கில் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், அந்த நேரம் போங்கள், ஆனால் கேட்கிறவர் பெண்ணாக இருக்கட்டும், ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்கட்டும். எங்களோடு வந்த ஒரு மதினி கேட்டபோது வந்த பதிலில் பாதி கூட எனக்கு வரவில்லை. பதினெட்டு வயசில் இருந்து இருபத்தைந்து வரைக்கும் உள்ள பையன்களையும் விட்டுவிடக் கூடாது, பைக்கை நிறுத்துவது, கையில் கட்டியிருக்கிற சாதிக் கயிறைப் பார்த்து விசாரிப்பது, கோயில் கொடையில் தகராறு வந்தால் முதலில் அள்ளிக்கொண்டு போவது எல்லாம் இவர்களைத்தான். செங்கல் சூளையில் வடமாநிலத்துக்காரர்கள் இருந்தால் இந்தி தெரிந்த ஒருவரோடு போங்கள்.

எத்தனை பேர் என்றால், நூறு பேரைச் சரியாகப் பொறுக்கிக் கேட்டால் உங்கள் கணக்கு பத்துச் சதவீதம் முன்னே பின்னே இருக்கும், நானூறு என்றால் ஐந்து. நூறு பேரிடம் கேட்டுவிட்டு 43.7 சதவீதம் என்று எழுதாதீர்கள், 'நூற்றில் நாற்பது பேர் அளவுக்கு' என்றால் போதும்.

பயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் எழுதாதீர்கள், போன் நம்பர் வேண்டாம், கதவு எண் வேண்டாம், ரெக்கார்டு செய்யாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். பத்து வீடு உள்ள தெருவில் வயசும் தொழிலும் எழுதினாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும், அந்த மாதிரி இடத்தில் பக்கத்துத் தெருவோடு சேர்த்துவிடுங்கள். தாள்களை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. கட்சிக் கரை வேட்டியோடு யாரும் கேட்கப் போக வேண்டாம், வீட்டில் போலீஸ்காரர் உள்ளவரும் வேண்டாம்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வ.உ.சி. கைதானதை ஒட்டி 1908 மார்ச்சில் நெல்லையில் மக்கள் கிளர்ந்தபோது துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள், அப்புறம் ஊருக்குத் தண்டனையாகக் கூடுதல் போலீஸ், அதாவது தண்டப் போலீஸ் போட்டு அதன் செலவையும் ஊர்க்காரர்கள் தலையிலேயே கட்டினார்கள். 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைத் தடியடி நடத்தி விரட்டியதில் தாமிரபரணிக் கரையில் 17 பேர் செத்தார்கள். 2020இல் பக்கத்து மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன அப்பாவும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. 2023இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குப் போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாகப் புகார் வந்து சி.பி.சி.ஐ.டி. வரைக்கும் போனது. 2025 மார்ச்சில் நெல்லை டவுனில் ஓய்வுபெற்ற எஸ்.ஐ. ஒருவரே, தனக்கு மிரட்டல் இருக்கிறது என்று வீடியோவில் சொல்லியிருந்தும், வெட்டிக் கொல்லப்பட்டார். 'போலீஸ்ல இருந்தவருக்கே அப்படின்னா நமக்கு என்ன?' என்று எங்களிடமே கேட்டார்கள்.

அதனால் தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் அவர் பட்டது, இன்னொன்றில் அவர் கேள்விப்பட்டது. உங்கள் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரிடம் அம்பாசமுத்திரத்துக்குப் பதில் கேட்க முடியாது, ஆனால் அம்பாசமுத்திரத்தைக் கேள்விப்பட்டதால்தான் ஒருவர் இந்த ஸ்டேஷன் படி ஏறவில்லை என்றால் அது இன்ஸ்பெக்டருக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

கேட்கும்போது யாராவது அடி, உதை, பாலியல் தொல்லை என்று சொல்லிவிட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இலவச வக்கீலுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. குழந்தை மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது போக்சோ சட்டம், 'யார் என்று வெளியே தெரியாது' என்று கொடுத்த வாக்கு அதற்குப் பொருந்தாது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நல்லதையும் அதே அக்கறையோடு கேளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் வந்து கிழவியைத் தூக்கிக்கொண்டு போன போலீஸ்காரரைப் பற்றி ஒரு வீட்டில் கண் கலங்கிச் சொன்னார்கள், அதை முழுசாக எழுதிக்கொண்டோம். போலீஸ் பக்கத்துக் கணக்கையும் வாங்குங்கள். எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு, 30 நாளில் பதில் தர வேண்டும். ஸ்டேஷனுக்கு அனுமதித்த ஆள் எத்தனை, இருக்கிற ஆள் எத்தனை, போன வருஷம் எத்தனை சி.எஸ்.ஆர்., எத்தனை எஃப்.ஐ.ஆர். என்று கேளுங்கள். நெல்லையப்பர் ஆனித் தேர், திருச்செந்தூர் சூரசம்ஹாரம், மந்திரி வருகை என்று ஆளைப் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொண்டால் ஸ்டேஷனில் பாராவும் ரைட்டரும்தான் மிச்சம். காவலர்களுக்கு வார விடுப்பு தர 2021இல் அரசாணை வந்தது, அது கிடைக்கிறதா என்று ஏட்டையாவிடமே கேட்டுப் பாருங்கள். எனக்கு மூன்று நாள் கிடைத்த 'நாளைக்கு வாங்க' பதிலில் இதற்கும் பங்கு இருக்கலாம், ரசீது தராததற்கு மட்டும் இது காரணமாகாது.

எழுதும்போது இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். போனவர்கள் இத்தனை பேர், அதில் ரசீது வாங்கியவர்கள் இத்தனை பேர், போக வேண்டியிருந்தும் போகாதவர்கள் இத்தனை பேர், அவர்கள் சொன்ன காரணம் இன்னின்ன. தெருவாரியாக ஒரு கட்டம். கேட்பதும் மூன்றே மூன்று இருக்கட்டும். எங்கள் தாளில் எல்லா மனுவுக்கும் அன்றைக்கே சி.எஸ்.ஆர்., வாரம் ஒரு நாள் பெண் காவலர் ஒருவர் தெருவுக்கு வருவது, எஃப்.ஐ.ஆர். போட்டவருக்கு மாதம் ஒரு போன், இந்த மூன்றையும்தான் கேட்டோம்.

முதலில் இன்ஸ்பெக்டரிடம் கொடுங்கள், மேலே கொண்டுபோவதற்கு முன்னால் அவர் பார்த்திருக்க வேண்டும், அது மரியாதை. எங்கள் ஸ்டேஷனில் முதல் ஐந்து நிமிஷம் முகம் கடுத்துப்போய்தான் பேசினார், வெள்ளத்தில் நடந்ததை வாசித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு மிச்சத்தையும் வாசித்தார். அப்புறம் புதன்கிழமை எஸ்.பி. அலுவலக மனு நாள், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகம். கிராமம் என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். எங்கே கொடுத்தாலும் நகலில் தேதியும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் கழித்து அதே மாதம், அதே கேள்வி, அதே தெருக்கள், வேறு வீடுகள். கேள்வியில் ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள், மாற்றினால் ஒப்பிட முடியாது. கொடை நடக்கிற மாதத்தையும் தேர்தல் மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள்.