‘மறுகா பாப்பம்’ என்பவருக்குத் துணைநிற்கும் முறை

மனச்சோர்வு நோய்க்கு ஆளானவரைக் குளிக்கச் சொன்னாலும் கோயிலுக்கு அழைத்தாலும் எங்கள் மட்டக்களப்பு வீடுகளில் கிடைக்கும் பதில் ‘மறுகா பாப்பம் மகள்’, அதாவது ‘பிறகு பார்ப்போம்’, என்பதாகவே இருக்கும். மனம் தெளிந்த பின் செய்யலாம் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். அண்மைக்கால ஆய்வுகள் வலுச்சேர்க்கும் ‘நடத்தைச் செயலூக்கம்’ (behavioural activation) என்ற சிகிச்சை முறையோ செயலை முன்னே விட்டு மனத்தைப் பின்னே வரச்செய்கிறது. 2016இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், 440 பேரில் ஒரு பகுதியினருக்கு இளநிலைப் பணியாளர்கள் வழங்கிய இச்சிகிச்சை, தேர்ந்த உளச்சிகிச்சையாளர்கள் வழங்கிய, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிதல்சார் நடத்தைச் சிகிச்சைக்கு (CBT) பலனில் குறைந்ததாக இருக்கவில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரிடம் நடந்த ஆய்விலும், இதே அடிப்படையில் அமைந்த சிகிச்சையைப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களே வழங்கிப் பலன் கண்டனர்.

சோர்வும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களைத் தாண்டினால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். தைரொயிட் சுரப்புக் குறைவும் இரத்தச்சோகையும் ஏறத்தாழ இதே தோற்றத்தில் வரக்கூடும். மாத்திரை தந்தால், அது வேலைசெய்யச் சில வாரங்கள் எடுக்கும் என்பதையும், சுகம் வந்ததும் தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

பிறகு, கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் ஒரு வாரத்துக்குக் குறிப்பெடுங்கள். காலை, மதியம், மாலை, இரவு என நான்கு வரிகள். என்ன செய்தார், அப்போது மனம் பத்துக்கு எத்தனை என்று அவரையே கேட்டு எழுதினால் போதும். என் அம்மாவின் தாள்களில் மூன்று நாட்களாக 2 மட்டுமே இருந்தது. நான்காம் நாள் மாலை, வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிய வரியில் மட்டும் 4 என்றிருந்தது. தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்த வாரம் அந்தச் செயலுக்கு நேரம் குறியுங்கள்: ‘மாலை 5 மணி, வெற்றிலைக் கொடி, ஒரு வாளி.’ கல்லடிக் கடற்கரைக்கு உலாப் போவது பெரிய வேலை. ஆகவே முதல் நாள் செருப்பைப் போட்டுக்கொண்டு படலை வரை, அது கைகூடினால் ஒழுங்கை முடியும் வரை என்று துண்டாக்குங்கள். செய்யாமல் விட்ட நாளில் கடிந்துகொள்ளாமல் வேலையைப் பாதியாகக் குறையுங்கள். ‘சுனாமியில எல்லாம் இழந்த சனமே எழும்பி நிக்குது’ என்ற பேச்சு, ஆறுதலாகத் தொடங்கினாலும் கேட்பவருக்குக் குற்றச்சாட்டாகவே விழும். இரக்கத்தால் அவர் கையிலிருந்த எல்லா வேலையையும் பறித்துக்கொள்வதும் தவறு; கீரை ஆய்வதையாவது அவருக்கே விட்டுவையுங்கள்.

சாவைப் பற்றிப் பேசினாலோ, பேசாவிட்டாலும் உங்களுக்கு ஐயம் எழுந்தாலோ, ‘உயிரை விட நினைக்கிறீங்களா?’ என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. படுவான்கரையைப் போன்ற வயற்பகுதிகளில், பூச்சிமருந்துகளும் களைநாசினிகளும் வீட்டிலேயே இருக்கக் கூடாது. பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பூட்டக்கூடிய பெட்டிகளை வழங்கியதால் நஞ்சருந்தல் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே அந்த நஞ்சுகளை வீட்டிலிருந்து முழுவதுமாக அப்புறப்படுத்திவிட்டு, அவரைத் தனியே விடாமல், தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள், அல்லது அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.