ஜாக் ஸ்டாண்டை எங்கே வைப்பது?

ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும். சரி, எங்கே வைப்பது? கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு மடிப்பை விரலால் தடவுங்கள். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் இரண்டிரண்டு சின்ன வெட்டுகள் தட்டுப்படும். பெரும்பாலான சிறிய கார்களில் அந்த வெட்டுகளுக்கு நடுவில்தான் பலம். ஜாக்கைக் கையேடு காட்டும் நடு கிராஸ் மெம்பரில் (காருக்கு அடியில் குறுக்கே ஓடும் பலமான சட்டம்) கொடுத்துத் தூக்கினால், இந்த இடம் ஸ்டாண்டுக்குக் கிடைக்கும். ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி), காரின் தரைத் தகடு பக்கம் போகவே வேண்டாம், நசுங்கிவிடும். வெயிலில் இளகிய தாரில் ஸ்டாண்டின் கால் புதையும். சமமான கான்கிரீட் தரைதான் நல்லது. தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். அப்புறம், உள்ளே போகுமுன் வண்டியைக் கையால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள்.